கடல் காணாத ஆறு

ஆறுகள் யாவும் கடலைச் சேரும் என்பது பொது நம்பிக்கை. அமெரிக்காவின் கலிபோர்னியா, நெவாடா மாநில எல்லையில் ஓடும் அமர்கோசா ஆறு அதற்கு விலக்கு. ஸ்பானிய மொழியில் இப்பெயருக்குக் கசப்பு என்பது பொருள். நெவாடாவில் தோன்றித் தெற்கே சென்று, மேற்கே வளைந்து, பின் வடக்கு நோக்கித் திரும்பி, சுமார் 300 கிலோமீட்டர் கடந்து மரணப் பள்ளத்தாக்கில் முடிகிறது. வழியின் பெரும்பகுதியில் மணலே தெரியும்; நீர் அடியில் நகரும்.

மரணப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் படுகை, கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே உள்ளது. அதன் மேற்கே டெலஸ்கோப் சிகரம் 3,366 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. புவியோட்டுப் பிளவுகளின் வழியே நிலம் தாழ, இருபுறமும் மலைகள் உயர்ந்ததால் உருவான பள்ளம் இது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா உள்ளிட்ட மலைத்தொடர்களிலேயே மழையை இழந்துவிடுகிறது. மழை மறைவுப் பகுதியான இங்கு ஆண்டுக்குச் சுமார் 50 மில்லிமீட்டரே பெய்கிறது. வந்து சேரும் நீர் வெளியேற வாயில் இல்லை. வெயில் நீரைக் கொண்டுபோக, உப்பு மட்டும் எஞ்சுகிறது. இத்தகைய அமைப்பையே உள்நாட்டு வடிகால் என்கிறோம்.

பனியுக காலத்தில் இங்கே மேன்லி என்னும் ஆழமான ஏரி இருந்தது. அதன் அலைகள் செதுக்கிய கரைக்கோடுகள் இன்றும் குன்றுகளில் படிப்படியாகத் தெரிகின்றன. 2023 ஆகஸ்டு 20 அன்று, ஹிலாரி புயலின் எச்சம் ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டியது. உப்புவெளியில் ஏரி மீண்டும் தோன்றி, மாதக்கணக்கில் நின்றது. பாலைக்கும் பழைய நினைவு உண்டுபோலும்!

ஆயினும் இவ்வடிநிலத்தின் உயிர்நாடி மேலே தெரியும் நீரன்று, நிலத்தடி நீரே. நெவாடாப் பகுதியில் டெவில்ஸ் ஹோல் என்னும் நீர் நிறைந்த பாறைக் குழி உள்ளது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத, ஓர் அங்குல நீளமே உள்ள மீனினம் அதில் வாழ்கிறது. அருகிலிருந்த பண்ணைக் கிணறுகள் நீரை இறைத்தபோது குழியின் நீர்மட்டம் தாழ்ந்தது. மீன்கள் உணவு தேடி முட்டையிடும் ஆழமற்ற பாறைத்திட்டு வெளியே தெரியலாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்திட்டு நீரில் மூழ்கியிருக்கும் அளவுக்கு இறைப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என 1976இல் தீர்ப்பு வந்தது. அக்குழியின் நீர்மட்டம் இன்றும் அளக்கப்பட்டு வருகிறது.