மலர்விழியின் பெயர் எங்கே போனது?

பள்ளி அறிவியல் விழா முடிந்து சான்றிதழ்கள் அச்சாகி வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மலர்விழி தன் சான்றிதழை ஆசையாகப் பிரிக்கிறாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக எட்டுக் கேள்விக்குறிகள். பக்கத்தில் இருக்கும் குமரனின் சான்றிதழில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும், வட்டத்துக்குள் சிறைப்பட்ட ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வருகின்றன. மூன்றாவது மாணவிக்கு இன்னும் விசித்திரம். அவள் பெயரின் முதல் பாதியோடு வேறொருவர் பெயரின் பின்பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘கணினி கோளாறு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மாணவர்களே, கணினி சொன்னதைத்தான் செய்திருக்கிறது. நிரலை எழுதியவர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார். என்ன அது? துப்பு அந்த எட்டுக் கேள்விக்குறிகளில் இருக்கிறது. மலர்விழி என்ற பெயரில் இருப்பது ஐந்து எழுத்துகள். கேள்விக்குறிகள் மட்டும் ஏன் எட்டு?

எழுத்து என்பது ஓர் எண்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போடுகிறோம். இன்று உலகம் முழுவதும் பயன்படும் பட்டியலின் பெயர் யூனிகோடு, தமிழில் ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை. எல்லா இடங்களும் இன்னும் நிரம்பவில்லை.

‘ம’ என்றால் 2990. ‘ல’ என்றால் 2994. ஆனால் ‘ர்’ என்ற எழுத்துக்குத் தனி எண் கிடையாது. ‘ர’ 2992, அதன் மேல் வைக்கும் புள்ளி 3021 என்று இரண்டு எண்கள் சேர்ந்துதான் ‘ர்’. அதேபோல ‘வி’ என்பது ‘வ’வும் கொக்கியும், ‘ழி’ என்பது ‘ழ’வும் கொக்கியும். கூட்டிப் பாருங்கள்: ம, ல, ர, புள்ளி, வ, கொக்கி, ழ, கொக்கி. மொத்தம் எட்டு! ஜாவா மொழியில் இந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டால் அது எட்டு என்றுதான் சொல்லும். எட்டுக் கேள்விக்குறிகளின் கணக்கு இதுதான்.

இன்னொரு படியும் உண்டு. கோப்பில் எழுதும்போது எண்களைப் பைட்டுகளாக உடைக்க வேண்டும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 2990ஐ எப்படி அடக்குவது? அதற்கு 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த முறைதான் யூடிஎஃப்-8. அதில் சாதாரண ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று பைட். ‘ம’ என்பது 224, 174, 174 என்று மாறும். மலர்விழிக்கு 24 பைட் தேவை.

174ஆம் எண் வீடு எங்கே?

மாக் மண்டினில் ஒரு தபால்காரரிடம் ‘174ஆம் எண் வீட்டில் கொடுங்கள்’ என்று சொன்னால் போதுமா? எந்தச் சாலையில் என்று கேட்பார். ஆயர் ஈத்தாமிலும் அந்த எண்ணில் வீடு இருக்கலாம். எண் மட்டும் முகவரி ஆகாது.

எழுத்துக்கும் இதே கதைதான். 174 என்ற பைட், யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்தின் துண்டு. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 பட்டியலில் அது வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’. 224 அங்கே தலையில் கோடு போட்ட ‘ஏ’. தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை 224, 174 என்றே தொடங்குவதால், தமிழை லத்தீன்-1 என்று நினைத்துப் படித்தால் அந்த இரண்டு குறிகளும் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். குமரனின் சான்றிதழில் நடந்தது இதுதான்.

நம் மொழி இந்தத் தொல்லையை நிறையவே அனுபவித்திருக்கிறது. 1990களில் தமிழுக்குப் பட்டியல்கள் ஒன்றல்ல, பல. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்து பேசித் திஸ்கி என்ற பட்டியலை வகுத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற இரண்டு பட்டியல்களை ஏற்றது. ஒருவர் ஒரு பட்டியலில் அனுப்பிய கடிதத்தை மற்றவர் வேறு பட்டியலில் திறந்தால், வந்தது தமிழல்ல, கிறுக்கல். ஒருங்குறி பரவிய பிறகுதான் அந்தக் குழப்பம் அடங்கியது. பழைய கோப்புகள் மட்டும் இன்னும் பலரின் கணினிகளில் உறங்குகின்றன.

சொல்லாமல் விட்டதால் வந்த வினை

இப்போது மலர்விழியின் எட்டுக் கேள்விக்குறிகளுக்கு வருவோம். ஜாவாவில் ஒரு பெயரைப் பைட்டுகளாக மாற்றச் சொல்லும்போது, எந்தப் பட்டியல்படி என்று குறிப்பிடாமலும் சொல்லலாம். அப்போது ஜாவா ஓர் இயல்புநிலைப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். நெடுங்காலம் அது கணினியின் இயங்குதளத்தையும் மொழி அமைப்பையும் பொறுத்தே இருந்தது. நிரலாளரின் லினக்ஸ் கணினியில் அது யூடிஎஃப்-8ஆக இருந்திருக்கும். அங்கே தமிழ் அழகாக வரும். அலுவலகத்து விண்டோஸ் கணினியில் அது விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியல். அதில் ‘ம’வுக்கு இடமே இல்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதிலாக ஜாவா ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எட்டு எண்கள், எட்டுக் கேள்விக்குறிகள்.

2022 மார்ச் மாதம் வெளிவந்த ஜாவா 18 முதல், எந்தக் கணினியானாலும் இயல்புநிலை யூடிஎஃப்-8தான். ஆனால் பழைய ஜாவாவில் ஓடும் நிரல்கள் இன்னும் ஏராளம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குமரனின் கிறுக்கலும் மலர்விழியின் கேள்விக்குறியும் ஒன்றல்ல. லத்தீன்-1 என்று தவறாகப் படித்த கிறுக்கலைத் தலைகீழாக நடத்தி மீட்கலாம். அந்தப் பட்டியலில் 256 இடங்களும் நிரம்பியிருப்பதால் எந்தப் பைட்டும் தொலையாது. விண்டோஸ்-1252 என்று தவறாகப் படித்திருந்தால் கொஞ்சம் சேதம் உண்டு. அதில் ஐந்து இடங்கள் காலி. நம் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் கடைசிப் பைட் அந்தக் காலி இடங்களில்தான் விழுகிறது. ஜாவா அவற்றைத் தொலைத்துவிடும். கேள்விக்குறியோ முழு நட்டம். எட்டும் ஒரே குறி. எது ‘ம’, எது ‘ழ’ என்று யாராலும் சொல்ல முடியாது. மூலக்கோப்பையும் அதன் மேலேயே சேமித்திருந்தால், போனது போனதுதான்.

பட்டியலைத் தேடும்போது

சரி, பட்டியலின் பெயரைச் சொல்லிவிடுவோம். ஜாவாவில் சார்செட் என்ற வகுப்பு பெயரை வாங்கிக்கொண்டு பட்டியலைத் தேடித் தரும். இந்தத் தேடலிலும் மூன்று குழிகள் உண்டு.

முதலாவது, தெரியாத பெயர். லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும். ஜாவாவோடு வரும் பட்டியல்களில் திஸ்கி இல்லை. கேட்டால் ஜாவா பிழை சொல்லி நிற்கும். நிற்பது நல்லது! சிலர் அந்தப் பிழையை மூடி மறைத்து, ‘கிடைக்காவிட்டால் இயல்புநிலையை எடுத்துக்கொள்’ என்று எழுதிவிடுகிறார்கள். சத்தம் போட்டு நின்றிருக்க வேண்டிய நிரல், சத்தமில்லாமல் பெயர்களை அழிக்கத் தொடங்கும்.

இரண்டாவது, எழுத்தின் வடிவம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு உண்டு. சொந்தமாகத் தேடல் எழுதும் நிரலாளர், பட்டியலின் பெயரை முதலில் சிறிய எழுத்தாக்கிவிட்டுத் தேடுவார். துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் பெரிய ‘ஐ’யைச் சிறிதாக்கினால், மேலே புள்ளியில்லாத வேறு ஓர் எழுத்து வரும். பெயர் பொருந்தாது, பட்டியலும் கிடைக்காது. ‘எந்த நாட்டு வழக்கும் வேண்டாம், பொதுவாக மாற்று’ என்று குறிப்பிட்டால் இது தீரும். யூடிஎஃப்-8 போன்ற முக்கியமான பட்டியல்கள் ஜாவா 7 முதல் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அவற்றை நேரே எடுத்துக்கொண்டால் தேடவே வேண்டாம்.

மூன்றாவது குழி, வேகம். ஒவ்வொரு பெயருக்கும் தேடுவது வீண் என்று, ஒருமுறை தேடியதை ஒரு பொது அட்டவணையில் குறித்து வைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த அட்டவணையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதினால்?

கரும்பலகையில் ஒரு சோதனை

பெரிய நிரல்கள் ஒரு வேலையை முடித்துவிட்டு மறுவேலைக்குப் போவதில்லை. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுகின்றன. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இழை என்று பெயர். நூறு பேர் சான்றிதழ் கேட்டால் பல இழைகள் சேர்ந்து வேலை செய்யும்.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். பலகையில் 10 என்று எழுதுங்கள். இரண்டு மாணவர்களுக்கு ஒரே கட்டளை: பலகையைப் பார், இடத்துக்குப் போய் நோட்டில் ஒன்றைக் கூட்டு, திரும்பி வந்து பழைய எண்ணை அழித்துவிட்டு உன் விடையை எழுது. இருவரும் ஒன்றாகக் கிளம்பட்டும். இருவரும் 10ஐப் பார்ப்பார்கள், இருவரும் 11 என்று எழுதுவார்கள். இரண்டு முறை கூட்டியும் பலகையில் 12 வராது. யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் விடை தவறு.

ஜாவாவின் சாதாரண ஹேஷ்மேப் அட்டவணை இப்படிப்பட்ட நெரிசலுக்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டு இழைகள் ஒன்றாக எழுதினால் பதிவு தொலையலாம். ஜாவா 8க்கு முந்தைய பதிப்புகளில், அட்டவணை பெரிதாகும் நேரத்தில் இரண்டு இழைகள் மோதினால் உள்ளே ஒரு வட்டம் உண்டாகி, நிரல் முடிவில்லாமல் சுற்றிய சம்பவங்களும் உண்டு.

மூன்றாவது மாணவியின் ஒட்டுப்பெயரும் இப்படிப் பிறந்ததுதான். பைட்டுகளை எழுத்தாக மாற்றித் தரும் கருவிக்கு டிகோடர் என்று பெயர். தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை அது தனக்குள் நினைவு வைத்திருக்கும். அதைப் பல இழைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று ஜாவாவின் ஆவணமே எச்சரிக்கிறது. நிரலாளரோ சிக்கனம் கருதி ஒரே டிகோடரையும், எழுத்துகளை வாங்கி வைக்க ஒரே தட்டையும் எல்லா இழைகளுக்கும் பொதுவாக வைத்துவிட்டார். ஓர் இழை ஒரு பெயரைப் பாதி எழுதியபோது, மற்றொன்று அதே தட்டில் தன் பெயரைக் கொட்டியது.

இந்தப் பிழையின் தந்திரம் என்ன தெரியுமா? சோதித்துப் பார்க்கும்போது வராது. நிரலாளர் தனியாக உட்கார்ந்து ஒரு சான்றிதழ் அச்சிட்டால் சரியாகவே இருக்கும். கூட்டம் வரும் நாளில்தான் வரும், அதுவும் சில பெயர்களுக்கு மட்டும்.

தீர்வுகள் மூன்று. முதலாவது, பகிராதே: ஒவ்வோர் இழைக்கும் தனி டிகோடர், தனித் தட்டு கொடு. இரண்டாவது, மாறாததை மட்டும் பகிர்: பட்டியலைக் குறிக்கும் சார்செட் பொருளை எத்தனை இழைகளும் பயமின்றிப் பகிரலாம். மூன்றாவது, மாறுவதைப் பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால் காவல் வை: ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கப் பூட்டு போடலாம். பொது அட்டவணைக்கு 2004இல் ஜாவா 5 தந்த கன்கரண்ட்ஹேஷ்மேப் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டால் வரிசை நீளும். அதனால் முதல் இரண்டு வழிகளை முதலில் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் நோட்பேடில் மலர்விழி என்று மட்டும் தட்டச்சு செய்யுங்கள். சேமிக்கும் பெட்டியில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். கோப்பின் அளவைப் பாருங்கள்: 24 பைட். பிறகு அதையே வேறு பெயரில், ஆன்சி என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். எழுத்துகள் தொலையும் என்று நோட்பேடு எச்சரிக்கும். சரி என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடித் திறங்கள். நம் நாட்டில் வழக்கமாக இருக்கும் ஆங்கில அல்லது மலாய் அமைப்பில், எட்டுக் கேள்விக்குறிகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து உங்கள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை பைட் ஆகும் என்று முதலில் காகிதத்தில் கணக்கிட்டு, பிறகு சேமித்துச் சரிபாருங்கள். நாளை நீங்கள் நிரல் எழுதும் வேலைக்குப் போனால், எந்தப் பட்டியல், யாரோடு பகிர்வது என்ற இரண்டையும் வெளிப்படையாக எழுதி வையுங்கள். அப்போது எந்தப் பிள்ளையும் தன் சான்றிதழில் தன் பெயரைத் தேட வேண்டியிருக்காது.