மூன்று மாத உழைப்பு, மூன்று நாள் தீர்ப்பு

2024 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இரண்டு அணிகளுக்கு நேர்ந்ததை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, இண்டியானா ஸ்டேட். லேரி பேர்ட் என்ற மாபெரும் வீரரைத் தந்த கல்லூரி அது. அந்த ஆண்டு மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில் 20 லீக் ஆட்டங்களில் 17-ஐ வென்று முதலிடம் பிடித்தது. கான்ஃபரன்ஸ் தொடரின் இறுதிப்போட்டியில் டிரேக் அணியிடம் 80-84 என்று தோற்றது. மொத்தக் கணக்கில் 28 வெற்றி, 6 தோல்வி. ஆனாலும் தேசியத் தொடரில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது, நார்த் கரோலினா ஸ்டேட். ஏ.சி.சி. எனப்படும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் 20 லீக் ஆட்டங்களில் 9-ஐ மட்டுமே வென்று பத்தாம் இடத்தில் இருந்த அணி. வாஷிங்டனில் நடந்த கான்ஃபரன்ஸ் தொடரில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்களை வென்று, இறுதியில் நார்த் கரோலினாவை 84-76 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அங்கிருந்து தேசியத் தொடரின் அரையிறுதி வரை போனது. மூன்று மாதம் நன்றாக ஆடிய அணி வெளியே நின்றது. ஐந்து நாள் நன்றாக ஆடிய அணி உள்ளே போனது. இந்த ஏற்பாடு சரியா என்ற கேள்வி அமெரிக்காவில் ஒவ்வொரு மார்ச்சிலும் எழுகிறது. கான்ஃபரன்ஸ் தொடரை ஒழிக்க வேண்டியதில்லை, அதன் அட்டவணையைத் திருத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆண்கள் கூடைப்பந்து ஆடுகின்றன. இத்தனை அணிகளும் ஒன்றோடொன்று மோத முடியாது. அதனால் எட்டு, பத்து, பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்துக்கொள்கின்றன. அதுதான் கான்ஃபரன்ஸ். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஒரே கான்ஃபரன்ஸின் அணிகள் தங்களுக்குள் லீக் ஆட்டங்கள் ஆடுகின்றன. அது முடிந்ததும் சில நாளில் முடிந்துவிடும் நாக்-அவுட் தொடர் ஒன்றை நடத்துகின்றன. அதுதான் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் தொடர். அதில் வெல்லும் அணி தேசியத் தொடருக்கு நேரடியாகத் தகுதி பெறுகிறது. தேசியத் தொடரில் 2011 முதல் 68 இடங்கள். 2024-ல் அவற்றில் 32 இடங்கள் 32 கான்ஃபரன்ஸ்களின் வெற்றியாளர்களுக்குப் போயின. மீதி 36 இடங்களை ஒரு தேர்வுக்குழு பகிர்ந்தளித்தது. சிக்கல் முழுவதும் இந்த இரண்டு வாசல்களுக்கு இடையில்தான் இருக்கிறது. நேரடி வாசல் எல்லாக் கான்ஃபரன்ஸ்களுக்கும் திறந்திருக்கிறது. தேர்வுக்குழுவின் வாசல் நடைமுறையில் பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கே திறக்கிறது. 2025-ல் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14 தேசியத் தொடருக்குச் சென்றன. அதே ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ்களால் தலா ஓர் அணியை மட்டுமே அனுப்ப முடிந்தது.

பெரியவர்களுக்குத் தீர்ந்த சிக்கல்

இந்த அநீதி ஒரு காலத்தில் பெரிய கல்லூரிகளையும் வாட்டியது. 1975-க்கு முன்பு ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஓர் அணிக்கு மேல் தேசியத் தொடருக்குப் போக முடியாது. பெரும்பாலான கான்ஃபரன்ஸ்கள் லீக்கில் முதலிடம் பிடித்த அணியை அனுப்பின. 1953-ல் தொடங்கிய ஏ.சி.சி.யோ நாக்-அவுட் தொடரில் வென்ற அணியை அனுப்புவது என்று முடிவெடுத்தது. அதன் விலையை 1970-ல் சவுத் கரோலினா கொடுத்தது. லீக்கில் 14 ஆட்டங்களையும் வென்ற அந்த அணி, தொடரின் இறுதிப்போட்டியில் நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 39-42 என்று தோற்றது. தேசியத் தொடர் கைநழுவியது. அடுத்த ஆண்டு சவுத் கரோலினா அந்தக் கான்ஃபரன்ஸை விட்டே வெளியேறியது. 1974 மார்ச் 9 அன்று க்ரீன்ஸ்போரோ அரங்கில் அதைவிடப் பெரிய ஆட்டம் நடந்தது. நாட்டின் முதல் நிலை அணியான நார்த் கரோலினா ஸ்டேட், நான்காம் நிலையில் இருந்த மேரிலாந்தைக் கூடுதல் நேரத்தில் 103-100 என்று வென்றது. ஒரு பக்கம் டேவிட் தாம்ப்சன், டாம் பர்ல்சன். மறுபக்கம் டாம் மெக்மில்லன், லென் எல்மோர், ஜான் லூகாஸ். கல்லூரிக் கூடைப்பந்து கண்ட மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். வென்ற அணி, தொடர்ந்து ஏழு முறை பட்டம் வென்றிருந்த யூ.சி.எல்.ஏ.வைத் தேசிய அரையிறுதியில் தோற்கடித்துச் சாம்பியன் ஆனது. தோற்ற மேரிலாந்து வீட்டுக்குப் போனது.

நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று தேசியத் தொடரில் காலே வைக்க முடியாமல் போவது எவ்வளவு அபத்தம் என்பதை அந்த ஓர் ஆட்டம் ஊருக்கே காட்டிவிட்டது. மறு ஆண்டே தேசியத் தொடர் 25 அணிகளிலிருந்து 32 அணிகளாக விரிந்தது. ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து இரண்டாவது அணியும் வரலாம் என்றானது. 1980-ல் அந்த உச்சவரம்பும் போனது. அன்றிலிருந்து பெரிய கான்ஃபரன்ஸ்களின் முன்னணி அணிகளுக்குக் கான்ஃபரன்ஸ் தொடர் ஆபத்தில்லாத திருவிழாவாகிவிட்டது. வென்றால் கோப்பை, தோற்றாலும் தேசியத் தொடரில் இடம் உறுதி. நடுத்தர, கடைநிலை அணிகளுக்கோ அது இரண்டாவது வாய்ப்பு. 2008-ல் ஜார்ஜியா, எஸ்.இ.சி. லீக்கில் 16 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று கடைசியில் கிடந்தது. அட்லாண்டாவில் சூறாவளி அரங்கின் கூரையைக் கிழித்ததால் தொடர் வேறு அரங்குக்கு மாறியது. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. அத்தனையையும் கடந்து ஜார்ஜியா கோப்பையை வென்றது. ஆனாலும் அந்தக் கான்ஃபரன்ஸின் சிறந்த அணிகள் எதுவும் தேசிய வாய்ப்பை இழக்கவில்லை. சிறிய கான்ஃபரன்ஸ்களின் நிலை அப்படியல்ல. அவை இன்னும் 1974-லேயே நின்றுகொண்டிருக்கின்றன. ஒரே வாசல், ஒரே அணி. இறுதிப்போட்டியில் தோற்றால் மூன்று மாத உழைப்பும் போயிற்று.

கணக்கு என்ன சொல்கிறது?

‘உண்மையிலேயே சிறந்த அணி என்றால் மூன்று ஆட்டங்களை வெல்லட்டுமே’ என்பது முதல் எதிர்வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது; கணக்கு அதை ஏற்பதில்லை. ஓர் அணி தன் கான்ஃபரன்ஸில் எந்த எதிரியையும் நூற்றுக்கு 80 தடவை வெல்லக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அது மிகப் பெரிய ஆதிக்கம். அப்படிப்பட்ட அணியும் மூன்று நாக்-அவுட் ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 51 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் போட்டுத் தீர்மானிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூன்று புள்ளி எறிகள் பெருகிய இன்றைய ஆட்டத்தில், ஒரு மாலைப்பொழுதில் பந்து கூடைக்குள் விழ மறுத்தால் எந்த வலிமையான அணியும் கவிழ்ந்துவிடும். லீக் ஆட்டங்களின் நோக்கமே இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வதுதான். சொந்த ஊர், வெளியூர், காயம், களைப்பு எல்லாம் 20 ஆட்டங்களில் அடிபட்டுப் போய், மிஞ்சுவது திறமை. அப்படிச் சலித்தெடுத்த முடிவை மூன்று நாளில் அழித்துவிட்டு, புதிய முடிவே மெய் என்று சொல்வதில் அறிவுக்குப் பொருந்தும் காரணம் எதுவும் இல்லை.

இது நியாயம் சார்ந்த கேள்வி மட்டுமல்ல, பணம் சார்ந்ததும்கூட. தேசியத் தொடரில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், இறுதிப்போட்டி நீங்கலாக, அதன் கான்ஃபரன்ஸுக்கு என்.சி.ஏ.ஏ. ஒரு பங்கு தருகிறது. ஆறு ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும் அந்தப் பங்கின் மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். சிறிய கல்லூரிகளுக்கு இது பெரிய தொகை. 2018-ல் மிசௌரி வேலியின் லயோலா சிகாகோ, லீக்கிலும் முதலிடம் பிடித்து, கான்ஃபரன்ஸ் தொடரையும் வென்று, தேசிய அரையிறுதி வரை போனது. ஐந்து ஆட்டங்களின் பங்கு அந்தக் கான்ஃபரன்ஸின் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாகச் சேர்ந்தது. தன்னிடம் உள்ள வலிமையான அணியை அனுப்புவதில்தான் கான்ஃபரன்ஸின் சொந்த நலனும் இருக்கிறது. முதலிட அணியை உதிர்த்துவிடக்கூடிய தொடரை நடத்துவது, தன் கையாலேயே தன் வருமானத்தைக் குறைத்துக்கொள்வதாகும்.

ஒழித்துவிடலாமா?

அப்படியானால் தொடரையே நிறுத்திவிட்டு, லீக்கில் முதலிடம் பெறும் அணியை அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலான எட்டுக் கல்லூரிகள் கொண்ட ஐவி லீக் நெடுங்காலம் அப்படித்தான் செய்தது. ஆனால் அதுவும் 2017-ல் தொடர் நடத்தத் தொடங்கியது. முதல் பிரிவில் கடைசியாக மனம் மாறிய கான்ஃபரன்ஸ் அதுவே. காரணம் எளிது. தொடர் இல்லையென்றால், பிப்ரவரி பிறக்கும்போதே பெரும்பாலான அணிகளுக்கு அந்தப் பருவம் முடிந்துவிடும். பிறகு ஆடும் ஆட்டங்களுக்குப் பொருள் இருக்காது. ஜனவரியில் காயம்பட்ட வீரர் மார்ச்சில் மீண்டு வந்தாலும், தாமதமாகச் சூடுபிடித்த இளம் அணி எழுந்து வந்தாலும் பயனில்லை. நார்த் கரோலினா ஸ்டேட் 2024-ல் வென்றது 1987-க்குப் பிறகு அதன் முதல் ஏ.சி.சி. கோப்பை. அந்த மகிழ்ச்சியை யாருக்கும் மறுக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி நேரலையும் சிறிய கல்லூரிகளுக்கு ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் வெளிச்சம். நம்பிக்கையை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஏற்பாடு என்ற அளவில் தொடர் இருக்கத்தான் வேண்டும்.

இருக்க வேண்டியது தொடர்; மாற வேண்டியது அதன் அமைப்பு. ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. 2011 முதல் அங்கே புள்ளிப்பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு பெறுகின்றன. மூன்றாம், நான்காம் அணிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. லீக்கில் ஆடியதற்குக் கூலி உண்டு என்பதே அதன் தத்துவம். கல்லூரிக் கூடைப்பந்திலும் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. லாஸ் வேகஸில் தொடர் நடத்தும் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், 2019-லிருந்து முதல் இரண்டு அணிகளை நேராக அரையிறுதியில் நிறுத்தியது. கீழே உள்ள அணிகள் படிப்படியாக ஏறி வர வேண்டும். அமெரிக்கா ஈஸ்ட், பேட்ரியட் லீக் போன்றவை பொது அரங்கைத் தவிர்த்து, பட்டியலில் மேலே உள்ள அணியின் சொந்த அரங்கில் ஆட்டங்களை வைக்கின்றன. ஐவி லீக் முதல் நான்கு அணிகளை மட்டுமே அழைக்கிறது. முன்பு பார்த்த கணக்கிலேயே இதைப் பொருத்திப் பார்க்கலாம். மூன்று ஆட்டம் இரண்டாகக் குறைந்தால் வாய்ப்பு 51-லிருந்து 64 விழுக்காடாக உயர்கிறது. சொந்த அரங்கின் பலத்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 85 ஆனால், மொத்த வாய்ப்பு 72 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

இதற்கும் மறுப்பு உண்டு. ஏணி போன்ற இந்த அமைப்பு பெரிய அணிகளுக்குச் சாதகம், சிறிய அணிகளின் அதிசயங்களைக் கொன்றுவிடும் என்பார்கள். 2018 அதற்கு விடை சொல்கிறது. அமெரிக்கா ஈஸ்ட் லீக்கில் வெர்மான்ட் 16 ஆட்டங்களில் 15-ஐ வென்றிருந்தது. இறுதிப்போட்டியும் அதன் சொந்த அரங்கில்தான் நடந்தது. எதிரில் இருந்தது யு.எம்.பி.சி. எனப்படும் மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகம். கடைசி நொடியில் ஜெய்ரஸ் லைல்ஸ் எறிந்த மூன்று புள்ளியால் யு.எம்.பி.சி. 65-62 என்று வென்றது. சில நாளில் தேசியத் தொடரில் முதல் நிலை அணியான வர்ஜீனியாவை 74-54 என்று நொறுக்கியது. ஆண்கள் தேசியத் தொடரின் வரலாற்றில் 16-ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வென்றது அதுவே முதல் தடவை. ஆக, லீக் முதல்வனுக்குச் சொந்த அரங்கின் பாதுகாப்பைத் தந்த பிறகும் அதிசயம் நிகழ்ந்தது. அதைச் சம்பாதித்து எடுத்ததால் அதன் மதிப்பும் கூடியது.

பொது அரங்கை விட்டால் விழாவே போய்விடும் என்பது இன்னொரு கவலை. மிசௌரி வேலி 1991 முதல் செயின்ட் லூயிஸில் தொடர் நடத்துகிறது. எல்லாக் கல்லூரிகளின் ரசிகர்களும் ஒரே ஊரில் கூடுவது அங்கே ஒரு மரபாகிவிட்டது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. லாஸ் வேகஸ் காட்டியபடி, ஊரை மாற்றாமலே பாதையைச் சுருக்கலாம். இண்டியானா ஸ்டேட்டின் தோல்வியை ஏணி முறை நிச்சயமாகத் தடுத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. டிரேக் லீக்கில் 16 வெற்றி பெற்ற இரண்டாம் இட அணி. அதுவும் அரையிறுதிக்கு நேராக வந்திருக்கும். தேர்வுக்குழுவின் பங்கும் இதில் உண்டு: பெரிய கல்லூரிகளோடு மோதும் வாய்ப்பு சிறிய கல்லூரிகளுக்கு அரிதாகவே கிடைக்கிறது, பிறகு அந்த வெற்றிகள் குறைவு என்பதே அவற்றுக்கு எதிரான சான்றாகிறது. ஆனால் தேர்வுக்குழுவின் மனத்தை மாற்றுவது சிறிய கான்ஃபரன்ஸ்களின் கையில் இல்லை. தங்கள் தொடரின் அட்டவணையை மாற்றுவது அவற்றின் கையில் இருக்கிறது. எந்த அமைப்பும் முடிவை உறுதி செய்யத் தேவையில்லை. உழைப்புக்கு உரிய எடையைத் தந்தால் போதும்.

ஆகவே, தேசியத் தொடருக்கு ஓர் அணியை மட்டுமே அனுப்பக்கூடிய ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் குறைந்தது ஒன்றைச் செய்ய வேண்டும்: லீக்கில் முதல் இரண்டு இடம் பெற்ற அணிகளை நேராக அரையிறுதியில் நிறுத்த வேண்டும். பொது அரங்கின் மரபு இல்லாத இடங்களில் இறுதிப்போட்டியையும் மேலே உள்ள அணியின் அரங்கிலேயே வைக்க வேண்டும். இதற்கு என்.சி.ஏ.ஏ.வின் அனுமதியோ புதிய செலவோ தேவையில்லை. உறுப்புக் கல்லூரிகள் கூடி நிறைவேற்றும் ஒரு தீர்மானம் போதும்.