செல்ஃபைத் தொடாதீர்கள்: நெடுநாள் நின்ற மோட்டோ குட்ஸியை ஓடவைப்பது எப்படி?

பழைய வண்டி நின்று நின்றே கெட்டுப்போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். முப்பது, நாற்பது வருடம் கொட்டகையில் நின்றும் பிழைத்திருந்த பல இன்ஜின்கள் வெளியே எடுத்த அன்றைக்கே வீணாகின்றன. தூசி தட்டி, புது பேட்டரி மாட்டி, டேங்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, "ஒரு தடவை ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பார்ப்போம்" என்று பொத்தானை அழுத்துகிற அந்த ஒரு நிமிடம் போதும். இது எல்லா வண்டிக்கும் பொருந்தும். 1960, 70களின் மோட்டோ குட்ஸிக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஏன் என்று விளங்கிக்கொண்டால், மீட்கும் வேலை முழுவதும் எந்த வரிசையில் போக வேண்டும் என்பது தானாகவே பிடிபடும்.

வடக்கு இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருக்கிறது மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊர். 1921-ல் கார்லோ குட்ஸியும் ஜார்ஜோ பரோடியும் தொடங்கிய நிறுவனம் அந்த ஊரோடுதான் இன்றும் சேர்த்துப் பேசப்படுகிறது. முதல் உலகப் போரின்போது பழகிய மூன்று நண்பர்கள் போட்ட திட்டம் அது. மூன்றாமவர் விமானியான ஜியோவன்னி ரவெல்லி. நிறுவனம் பிறக்கும் முன்பே, 1919-ல், விமான விபத்தில் இறந்துபோனார். டேங்கின் மேல் சிறகு விரித்திருக்கும் கழுகு அவர் நினைவாக வைத்தது.

நாம் பேசப்போவது வி7 குடும்பத்தைப் பற்றி. ஜூலியோ செசாரே கார்கானோ என்ற பொறியாளர் வடிவமைத்த இன்ஜின் அது. இரண்டு சிலிண்டர்கள் 90 டிகிரிக் கோணத்தில் இடமும் வலமுமாக டேங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். 1967-ல் 703 சிசியோடு விற்பனைக்கு வந்தது. 1969-ல் 757 சிசி வி7 ஸ்பெஷலும், 1972-ல் 844 சிசி 850 ஜிடியும் வந்தன. அமெரிக்காவில் இவற்றுக்கு அம்பாசடர், எல்டொராடோ என்று பெயர். லாஸ் ஏஞ்சலஸ் போலீசாரும் ஓட்டினார்கள். செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட், கார் போல டிரை கிளட்ச், டைமிங்குக்குப் பல்சக்கரங்கள் என்று எல்லாமே போலீஸ் வேலைக்குத் தாங்கும்படி செய்தவை. அதனால்தான் ஐம்பது வருடம் கழித்தும் மீட்கத் தகுந்த நிலையில் இத்தனை வண்டிகள் கிடைக்கின்றன.

இந்த வண்டிக்குப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. அது சிலிண்டருக்குள் ஒளிந்திருக்கிறது.

பெரும்பாலான பழைய வண்டிகளில் பிஸ்டன் ஓடுவது வார்ப்பிரும்பு லைனருக்குள். இந்த வரிசை குட்ஸிகளில் அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில் நேரடியாகக் கடின குரோம் பூசியிருக்கிறார்கள். எடை குறையும், சூடு சீக்கிரம் வெளியேறும், தேய்மானமும் குறைவு. தினமும் ஓடுகிற வரை அருமையான ஏற்பாடு. குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் இருக்கும். வண்டி நிற்கும்போது மழைக்காலத்து ஈரமும், பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் அந்த வெடிப்புகள் வழியாக அடியிலுள்ள அலுமினியத்தை எட்டுகின்றன. அலுமினியம் பூத்து உப்பும்போது மேலே இருக்கும் குரோம் தூக்கிக்கொள்ளும்.

அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் ரிங் முதல் சுற்றிலேயே தூக்கிய விளிம்பைப் பெயர்க்கும். பெயர்ந்த செதில்கள் ஆயிலில் விழும். இந்த இன்ஜின்களில் மாற்றக்கூடிய ஆயில் ஃபில்டர் கிடையாது. ஆயில் தங்கும் சம்ப்பின் அடியில் ஒரு கம்பிவலை மட்டுமே உண்டு. வலைக்குத் தப்பிய நுண்துகள்களை ஆயில் பம்பு உறிஞ்சி நேராக கிராங்க்ஷாஃப்ட் பேரிங்குகளுக்கு அனுப்பிவிடும். குரோம் மிகக் கடினமான பொருள். பேரிங் ஷெல்லும் கிராங்க்கும் சேர்ந்து உரசிப் போகும். சிலிண்டரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு முழு இன்ஜினையும் பிரிக்கும் செலவாகிவிடும்.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். செல்போனில் மாட்டும் சிறிய குழாய்க் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பிளக் துளை வழியே விட்டு சுவரைப் பாருங்கள். கண்ணாடிபோலப் பளபளப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பூப்போ, திட்டுத்திட்டாக மங்கலோ, விளிம்பு தூக்கிய இடமோ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகமாக இருந்தாலும் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்த்துவிடுவதே சரி. சிலிண்டர்கள் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்காமலே இந்த வேலையைச் செய்யலாம்.

குரோம் போன சிலிண்டரை போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட முடியாது. நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த நிக்கசில் பூச்சுள்ள புது சிலிண்டர்கள் பிஸ்டனோடு செட்டாகக் கிடைக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், வண்டியைத் தொடர்ந்து ஓட்டும் எண்ணம் இருந்தால் பழைய குரோம் சிலிண்டர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெயிண்டுக்கும் புது சீட்டுக்கும் ஒதுக்கிய பணத்தை இதற்குப் போடலாம். காட்சிக்கு மட்டும் வைக்கப்போகிறீர்கள் என்றால் அப்படியே விடலாம்.

இன்ஜின் சுற்றாமல் இறுகியிருந்தால் பலம் காட்டக் கூடாது. பிளக் துளை வழியே பெனிட்ரேட்டிங் ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, தினமும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு முன்பக்கம் டைனமோ பெல்ட் ஓடும் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் ரிங் உடையும். ராக்கர் மூடிகளை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். நான்கு வால்வும் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு வால்வு கைடில் ஒட்டிக்கொண்டிருந்தால் புஷ்ராடு வளைந்துபோகும்.

அடுத்தது சம்ப். பழைய ஆயிலை வடிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அடித்தட்டையே கழற்றுங்கள். உள்ளே தார் போலக் கெட்டியான வண்டல் படிந்திருக்கும். வலையைக் கழுவுங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணி வழியாக ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தம் விட்டுச் சோதிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். குரோமும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது. துணியில் மின்னுகிற செதில்தான் சாட்சி.

டேங்குக்கு வருவோம். பழைய பெட்ரோல் ஆவியாகி அடியில் பிசினாக நிற்கும், வார்னிஷ் நாற்றம் அடிக்கும். அதை வடித்துவிட்டு உட்புறத் துருவைப் பாருங்கள். மெல்லிய துரு என்றால் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, நடுவே ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்குக்கும் கொடுத்தால் மெதுவாகத் துரு உதிரும். கம்பி டேங்கைத் தொடவே கூடாது. பெட்ரோல் ஆவி துளியும் மிஞ்சாதபடி முதலில் கழுவ வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டாம், நச்சுக் குரோமியம் நீரில் கரையும். ஓட்டை இல்லாத டேங்கின் உள்ளே பூச்சு எதுவும் ஊற்றாதீர்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் சில பூச்சுகளை இளக்கி உரித்துவிடுகிறது. உரிந்த தோல் நேராக கார்புரேட்டரை அடைக்கும்.

வி7 ஸ்பெஷலிலும் 850 ஜிடியிலும் இருப்பவை டெல்லார்ட்டோ கார்புரேட்டர்கள், பக்கத்துக்கு ஒன்று. ஐட்லிங் ஜெட்டின் துளை மிகச் சிறியது. இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளை அகன்று, அதன் பிறகு வண்டி ஐட்லிங்கில் ஒருநாளும் சீராக ஓடாது. அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டுக் காற்றடித்தால் போதும். பிரிக்கும்போது எந்த ஜெட் எந்தப் பக்கம், என்ன எண் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரை கிளட்ச் ஈரத்தில் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வது இந்த வண்டிகளில் சகஜம். லீவரை இழுத்து ஹேண்டில்பாரோடு கட்டி, கியர் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினால் பல நேரம் விட்டுவிடும்.

வயரிங்கில் பெரும்பாலும் கோளாறு இணைப்புகளில்தான் இருக்கும். பச்சை பூத்த ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, எர்த் வயரைத் தேய்த்துப் பூட்டி, கண்டென்சரைப் புதிதாகப் போட்டால் போதும். ஏர் ஃபில்டர் பெட்டியிலும் சைலன்சரிலும் எலிக்கூடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

டயரைப் பற்றிப் பேச்சே வேண்டாம், மாற்றியாக வேண்டும். பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் நாற்பது வருடத்து ரப்பர் நனைந்த சாலையில் பிடிக்காது. பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். இத்தாலி அதைத் தடை செய்தது 1992-ல். ஈரத்துணியால் துடைத்து எடுத்து, ஷூவைப் புது லைனிங்குக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் செல்ஃப். அப்போதும் பிளக் இல்லாமல். ராக்கர்கள் மேலும் சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை சில வினாடிகள் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். விளக்கு அணைந்தால் ஆயில் பேரிங்குகளுக்கு ஏறிவிட்டது என்று பொருள். இப்போது பிளக்கைப் பூட்டலாம், பெட்ரோலைத் திறக்கலாம். நூறு கிலோமீட்டருக்குள் ஆயிலை மறுபடி மாற்றி, மறுபடி வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள்.

ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை பெயிண்ட். இதில் நான் பிடிவாதமாக ஒன்று சொல்வேன்: பழைய பெயிண்ட் மிஞ்சியிருந்தால் அதைத் தொடாதீர்கள். சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். தொழிற்சாலையில் போட்ட வண்ணக்கோடு ஒருமுறை போனால் போனதுதான். எவ்வளவு நல்ல பெயிண்டர் போட்டாலும் அது வேறு வண்டி.

வண்டி தயாரானதும் அடுத்தது பதிவு. இத்தாலியில் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய வண்டியையும் வரலாற்று வண்டியாக மறுபதிவு செய்ய வழி உண்டு. 1966-ல் தொடங்கிய ஏஎஸ்ஐ என்ற பழைய வண்டி ஆர்வலர் சங்கம் போன்ற அமைப்புகளின் சான்றிதழ் அதற்கு வேண்டும்.

நம் ஊரில் வி7 வைத்திருப்பவர் அரிது. ஆனால் இத்தாலிய உரிமத்தில் மும்பையில் தயாரான லாம்பிரெட்டா இன்னும் எத்தனையோ வீட்டுத் திண்ணை ஓரங்களில் நிற்கிறது. அது டூ-ஸ்ட்ரோக், சம்ப் கதை அதற்குக் கிடையாது; டேங்க், கார்புரேட்டர், பிரேக் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். ஐம்பது வருடம் கடந்த, பெரிதாக மாற்றங்கள் செய்யப்படாத இருசக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், எடைக்குப் போடும் முன் பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு வையுங்கள். கிக்கரை மட்டும் இன்றைக்கு உதைக்க வேண்டாம்.