வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்

வாரத்துக்கு 168 மணி நேரம். பெருமூளை வாதம் உள்ள ஒரு குழந்தை அதில் தெரபி சென்டரில் இருப்பது, எல்லாம் சரியாக நடந்தால், ஒன்றரை மணி நேரம். முக்கால் மணி நேர செஷன், வாரம் ரெண்டு தடவை. காய்ச்சல், கல்யாணம், பஸ் ஸ்டிரைக் எல்லாம் போக மிச்சம் இன்னும் குறையும். அந்த நேரத்தில் என்ன நடக்க முடியும், என்ன நடக்க முடியாது என்று கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. நான் டாக்டரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. அக்கா மகனுக்கு இடது கையும் காலும் சரியாக வராது. அதனால் ஏற்பட்ட படிப்பு.

முதலில் ஒரு அடிப்படை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்து கொஞ்ச காலத்திலோ ஏற்படும் சேதம்தான் பெருமூளை வாதம். சுருக்கமாக சி.பி. என்பார்கள். அந்தச் சேதம் நாளாக நாளாகப் பெரிசாகாது. ஆனால் உடம்பு வளரும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. ரெண்டு வயசில் சும்மா இருந்த கணுக்கால் ஆறு வயசில் மடங்காமல் நிற்பது இதனால்தான். ஆக, தெரபி மூளையில் உள்ள தழும்பை ஆற்றுவதில்லை. மிச்சமிருக்கும் மூளையை வைத்து ஒரு காரியத்தைச் செய்யக் கற்றுக்கொடுக்கிறது. சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரிதான். நம்மைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தர் எவ்வளவு நேரம் தள்ளினாலும் நமக்கு ஓட்ட வராது. நாமேதான் ஓட்ட வேண்டும், பல தடவை.

இது வெளிப்படையான விஷயம் மாதிரி தோணும். ஆனால் இந்தத் துறை இங்கே வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்த பெர்டா போபாத்தும் அவர் கணவர் டாக்டர் கரேல் போபாத்தும் 1940களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். தெரபிஸ்ட் தன் கைகளால் குழந்தையின் உடம்பைப் பிடித்து, தவறான அசைவுகளைத் தடுத்து, சரியான அசைவை உணர வைப்பது. "இந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிட்டிருந்த காலத்தில் அது பெரிய காரியம். உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் பின்னால் ஆராய்ச்சிகளைச் சேர்த்து எடைபோட்டபோது அது தாக்குப்பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் சக ஆராய்ச்சியாளர்களும் 2013இல் சி.பி.க்கான சிகிச்சைகளை டிராபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், 2020இல் புதுப்பித்தார்கள். போபாத்தின் பழைய முறை பச்சையில் இல்லை. கையைக் காலை வெறுமனே இழுத்து நீட்டி விடும் பயிற்சியும் இல்லை. குழந்தை தானாகச் செய்வது, குறிப்பிட்ட காரியத்தை இலக்காக வைத்துப் பழகுவது, வீட்டுப் பயிற்சி, இவைதான் பச்சை. (இன்றைய போபாத் தெரபிஸ்டுகள் தங்கள் முறை நிறைய மாறிவிட்டது என்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அக்கா உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி ஒன்றரை வருஷம் போய்வந்த இடத்தில் நடந்தது வேறு. பையனைப் பாயில் படுக்க வைத்து, கையைக் காலை நீட்டி மடக்கி, கொஞ்ச நேரம் கரண்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். "அம்மா, நீங்க வெளியே இருங்க, உங்களப் பாத்தா அழுவான்" என்று திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷமும் உள்ளே என்ன நடக்குதுன்னு அக்காவுக்குத் தெரியாது. வீட்டில் என்ன செய்யணும்னு யாரும் சொல்லவும் இல்லை. சிகிச்சை தப்பு என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது. 168இல் மிச்சம் 166 மணி நேரம் யாரிடம் இருக்கிறதோ அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்க. கைப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று ஜேக்மன் குழுவினர் 2020இல் ஆராய்ச்சிகளைத் தொகுத்தார்கள். சட்டை பட்டன் போடுவது மாதிரி குறிப்பிட்ட இலக்குகளுக்கு 14 முதல் 25 மணி நேரம், மொத்தமாகக் கையின் திறன் கூட வேண்டும் என்றால் 30 முதல் 40 மணி நேரம் செயல்முறைப் பயிற்சி வேண்டும் என்று வந்தது. வாரத்துக்கு ஒன்றரை மணி என்றால் 30 மணி நேரத்துக்கே 20 வாரம். அதிலும் அழுகையைச் சமாதானப்படுத்தும் நேரம் சேர்த்தி இல்லை.

வீட்டில் செய்தால்? நோவாக் குழு 2009இல் இதையே சோதித்தது. பெற்றோரும் தெரபிஸ்டும் உட்கார்ந்து பேசி இலக்கு வைத்த வீட்டுப் பயிற்சி. பெற்றோர் செய்தது மாதத்துக்கு சராசரியாக 17 தடவை சொச்சம், தடவைக்கு 16 நிமிஷம் சொச்சம். எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. தினமும்கூட இல்லை, கவனியுங்க. தினமும் ரெண்டு மணி நேரம் செய்யலைன்னா நீ நல்ல அம்மா இல்லைன்னு சொந்தக்காரர்கள் ஏற்றும் பாரத்துக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

இப்போது பார்க்கும் தெரபிஸ்ட் முதல் நாளே கேட்டது: "வீட்ல இவன் எதுக்கும்மா ரொம்ப அடம் பிடிப்பான்?" அக்கா சொன்னது, வேர்க்கடலைக்கு. அவ்வளவுதான், கடலை உரிப்பதே பயிற்சியாகிவிட்டது. ஒரு கை பிடிக்க, ஒரு கை உடைக்க. உடைத்தால் தின்னக் கிடைக்கும், அதனால் யாரும் "பண்ணு பண்ணு" என்று கெஞ்ச வேண்டியதில்லை. பிஸ்கட் பாக்கெட், வாழைப்பழம், டிபன் பாக்ஸ் மூடி எல்லாம் இதே வகை. ரெண்டு கையையும் சேர்த்துப் பழக்குவது பச்சைப் பட்டியலில் உள்ள முறைதான். இன்னொரு முறை, நல்ல கையைக் கொஞ்ச நேரம் உறை போட்டுக் கட்டுப்படுத்தி, வராத கையை வேலை வாங்குவது. இது எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளிடம் கண்டதிலிருந்து பிறந்தது. உணர்வு நரம்பு துண்டிக்கப்பட்ட கையைக் குரங்கு பயன்படுத்துவதையே விட்டுவிடும். நல்ல கையைக் கட்டினால் மறுபடி பயன்படுத்தும். (அந்தச் சோதனைகள் கிளப்பிய மிருகவதை சர்ச்சை தனிக் கதை.)

"நடப்பானா?" எல்லாரும் கேட்பது இதைத்தான், நேராகப் பதில் சொல்பவர்கள் குறைவு. 1997இல் கனடாவில் பாலிசானோ குழுவினர் சி.பி. குழந்தைகளின் இயக்கத்தை ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். முதல் நிலைக் குழந்தை தடையில்லாமல் நடக்கும். மூன்றாவது, வாக்கர் மாதிரி ஏதாவது பிடித்து நடக்கும். ஐந்தாவது நிலையில் சக்கர நாற்காலியில் ஒருவர் தள்ளிப்போக வேண்டும். பிறகு ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2002இல் ரோசன்பாம் குழு வளர்ச்சிக் கோடுகள் வரைந்தது. முதல் நிலைக் குழந்தை தன்னால் முடிந்த பெரிய அசைவுகளில் 90 சதவீதத்தைச் சுமார் ஐந்து வயசுக்குள் எட்டுகிறது. ஐந்தாம் நிலைக் குழந்தை மூன்று வயசுக்கு முன்பே.

படிக்கக் கஷ்டமாக இருக்கிறது, தெரியும். ஆனாலும் இது பெற்றோரிடம் சொல்லப்பட வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன். ஏழு வயசில் நடை கூடவில்லை என்றால் அம்மா சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. தெரபியை நிறுத்து என்றும் அர்த்தமில்லை. கேள்வி மாற வேண்டும். எப்படிப் பள்ளிக்கூடம் போவது, எப்படித் தன் தேவையைச் சொல்வது, பொருத்தமான சக்கர நாற்காலி எது. இதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தில் வேறொருத்தன் வந்து நிற்பான், லட்சக்கணக்கில் ஸ்டெம் செல் ஊசி விற்க. ஐ.சி.எம்.ஆர்.இன் 2017 வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் சிகிச்சையாகக் கொடுப்பதே முறையற்றது. அதிஅழுத்த ஆக்சிஜன் அறை நோவாக் பட்டியலில் சிவப்பு.

பயிற்சியைவிட அவசரமான ஒன்று இடுப்பு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் செய்த ஆய்வில் சி.பி. குழந்தைகளில் 35 சதவீதம் பேருக்குத் தொடை எலும்பு இடுப்புக் குழியிலிருந்து நகர ஆரம்பித்திருந்தது. முதல் நிலையில் யாருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் 90 சதவீதம். ஆரம்பத்தில் வலிக்காது, பார்த்தாலும் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். முற்றிய பிறகு உட்காரவே முடியாத வலி. நடக்காத குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தோம், அடுத்தது எப்போது என்று அடுத்த தடவை போகும்போது கேளுங்க.

செலவு பற்றிச் சுருக்கமாக. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், கிராமப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீட்டுக்கே அனுப்புகிறது. பஸ் பிரச்சினைக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்க்கவில்லை. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, வெளிநோயாளி தெரபி செலவும் அதில் சேரும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும், அதனால் முதலில் அதை வாங்கிடுங்க.