அறுவடையில் தொடங்கும் ஆண்டு

காவேரிப் பாசனத்து நஞ்சை நிலமுடையோர் தம் சாகுபடி வருஷத்தை எந்நாளிலிருந்து எண்ணுகின்றனர் என்று வினவினால், மேட்டூர் அணை திறக்கும் நாளிலிருந்து என்பதே பெரும்பாலோர் விடையாக இருக்கும். 1934-ஆம் ஆண்டில் அவ்வணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், ஜூன் 12-ஆந் தேதி ஜலம் திறந்து ஜனவரி 28-ஆந் தேதி அடைப்பது என்பது வழக்கமாய் நிலைபெற்றது. அதனால் ஜனவரிக் கடைசி முதல் ஜூன் வரையிலான நான்கரை மாதமும் சாகுபடிக் கணக்கில் சேராத வெறுங்காலமாகக் குடியானவர் மனத்தில் பதிந்துவிட்டது. தாள் நிற்கிறது, மாடும் ஆடும் திரிகின்றன, வரப்பு உடைந்தபடியே கிடக்கிறது. வாய்க்காலில் ஜலம் வந்த செய்தி கேட்டதும் உழவு, வரப்பு, நாற்றங்கால், எரு, கடன் ஆகிய எல்லாம் ஒரே வாரத்தில் தலைமேல் வந்து விழுகின்றன.

இவ்வாறு எண்ணுவதில் உள்ள பிழை, தம் கையில் இல்லாத ஒன்றைத் தொடக்கமாகக் கொள்வதேயாம். 2022-ஆம் ஆண்டில் அணை மே 24-ஆந் தேதியே திறக்கப்பட்டது. 2023-இலும் 2025-இலும் வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டது. இடையிலுள்ள 2024-இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. இரண்டு மாதத்திற்கு மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு நாளை நம்பி வருஷத்தைப் பங்கிட முடியாது. ஆனால் தம் வயலில் கதிர் எப்பொழுது முற்றும் என்பதை ஒவ்வொரு குடியானவரும் அறிவார். ஆகையால் தை மாதத்துச் சம்பா அறுவடையே வருஷத்தின் முதல் நாள், அணை திறப்பு அதன் நடுவில் வரும் ஒரு விருந்தாளி என்று கொண்டு வேலைகளை வகுத்துக்கொள்வதே தக்கது. வேலை என்னவோ ஒன்றுதான். எண்ணத் தொடங்கும் இடம் மாறினால் செய்யும் வேலையும் மாறிவிடுகிறது.

நஞ்சைப் பூமி தனக்கென ஒரு சுழற்சியை உடையது. பாதி வருஷம் ஜலத்தின் கீழ் காற்றின்றிக் கிடந்து, மறு பாதியில் காய்ந்து வெடித்துக் காற்றை உட்கொள்ளுவது அதன் இயல்பு. அறுவடை நாளில் அதன் நிலைமை யாதெனில், நெல்லோடு தழைச்சத்தும் மணிச்சத்தும் போய்விட்டன. பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில் இருப்பதால், வைக்கோல் கட்டுகள் வண்டியேறும்போது அதுவும் வெளியேறிவிடுகிறது. ஈரம் மட்டும் சில வாரங்களுக்கு மிச்சம் இருக்கிறது. போன சத்தை இரசாயன உரமூட்டையால் ஈடுசெய்துவிடலாம் என்று நினைப்போர், கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டு தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே நிலத்தில் நடைபெற்றுவரும் நிரந்தர எருப் பரிசோதனையை நினைவுகூர்தல் நலம். அங்கே தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்திகள், எல்லாச் சத்துக்களையும் பெற்ற பாத்திகளுக்கு ஒருபோதும் ஈடாகவில்லை. மண் ஒரு போகத்துக் கணக்கை மட்டும் வைத்திருப்பதில்லை.

மிஞ்சியிருக்கும் ஈரத்தைக் காசாக்கும் வழி உளுந்தும் பாசிப்பயறுமே. இவ்வழக்கம் தஞ்சைப் பிரதேசத்திற்குப் புதிதன்று. ஆயினும் அதன் வெற்றி தோல்வி சில நாட்களைச் சார்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நெற்பயிர் நிற்கும்போதே, அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாக, ஏக்கருக்கு 12 கிலோ விதையைக் கதிர்களின் ஊடே தெளித்தல் வேண்டும். அப்பொழுது மண் மெழுகு பதத்தில் இருப்பது அவசியம். கால் வைத்தால் தடம் பதியவேண்டும். தடத்தில் ஜலம் ஊறலாகாது. ஜலம் நின்றால் விதை அழுகும். காய்ந்துவிட்டாலோ முளைத்த பின் வேர் இறங்காது வாடும். தைப் பிற்பகுதியில் விதைத்தது பங்குனி வெய்யில் கடுக்குமுன் காய்த்துவிடுகிறது. மாசிக் கடைசிக்குத் தள்ளியது பூவிலேயே கருகுகிறது. குறுவையை அறுத்துத் தாளடி நட்டோர் பெரும்பாலும் இந்தப் பிந்திய வகுப்பிலேயே அகப்படுகின்றனர். அவர்கள் தாளடிக்கு வயது குறைந்த நெல்லைத் தெரிந்துகொண்டால்தான் பயறுக்குக் காலம் கிடைக்கும். அதாவது மாசி மாதத்துப் பயறைப்பற்றிய தீர்மானம் ஐப்பசியில் நாற்று விடும்பொழுதே செய்யப்படவேண்டியதாகும்.

நெல் தரிசுக்கென்று ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 3 போன்ற இரகங்கள் எழுபது நாளளவில் முடிந்துவிடும். பூக்கும் பருவத்திலும், அதன்பின் பதினைந்து நாள் கழித்தும், ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை முந்தின நாளே ஊறவைத்து, தெளிவை இறுத்து, 200 லிட்டர் ஜலத்தில் கலந்து இலைமேல் தெளித்தால் காய் பிடிப்பு நன்றாயிருக்கும். இப்பொழுது அறுவடை இயந்திரங்கள் எங்கும் வந்துவிட்டமையால் ஒரு புதிய சங்கடமும் தோன்றியிருக்கிறது. முளைத்த பயறு சக்கரத்தின் கீழ் நசுங்குகிறது. வைக்கோல் வரிசையாய்க் கொட்டிய இடத்தில் வெளிச்சமின்றி வெளுத்துப் போகிறது. வயலைச் சற்று முன்னதாகவே வடித்து இறுகச் செய்தலும், வைக்கோலைத் தாமதியாது அள்ளுதலும் நஷ்டத்தைக் குறைக்கும். முற்றிலும் நீக்கிவிடும் என்று சொல்லுதற்கில்லை.

பயறுச் செடியொன்றை மெல்லப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தென்படும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருத்தல் நன்று. காற்றிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் பிடித்து வைக்கும் சாலை அதுவே. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று அறியலாம். அடுத்த முறை ரைசோபியம் கலந்து விதைத்தல் வேண்டும்.

இத்தனையும் செய்து ஒருவர் தனியே பயறு விதைத்தால் பயனுண்டா என்பதே கிராமங்களில் எழும் உண்மையான வினா. சுற்றிலும் அறுத்த வயல்கள் திறந்து கிடக்க, நடுவில் பசுமையாய் நிற்கும் ஓர் ஏக்கர் ஊர் மாடுகளுக்கு வைத்த விருந்தாகவே முடியும். முன்னாளில் ஊர்க்கட்டுப்பாடு இதற்கு இடங்கொடுக்கவில்லை. காவற்காரரும் பட்டியும் இருந்தன. இன்றும் கட்டுப்பாடு நிலைத்த ஊர்களில் பயறு நிற்கிறது, தளர்ந்த ஊர்களில் நிற்பதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து கீதாரிகள் மந்தைகளோடு இங்கே வருவது அறுவடைக்குப் பின்னரேயாம். அவர்களை விரட்டுதல் மதியன்று. இராக் கிடை போட்ட வயலில் புழுக்கையும் கோமியமும் சேர்வதுபோல் வண்டியெரு அடித்தாலும் சேர்வதில்லை. செய்யத்தக்கது யாதெனில், பொங்கலுக்கு முன்பே நிலமுடையோர் கூடி, எந்தப் பங்கு வயல்கள் பயறுக்கு, எவை மேய்ச்சலுக்கும் கிடைக்கும், எந்நாள் முதல் எல்லா வயலும் திறக்கப்படும் என்று தீர்மானித்து, அதைக் கீதாரிகளுக்கும் முன்கூட்டித் தெரிவித்தலே.

பயறு எடுத்தபின் முதற் கோடை மழைக்கு உழுதுவிடவேண்டும். தாளின் அடியில் ஒளிந்து பருவம் பார்த்திருக்கும் குருத்துப்பூச்சிப் புழுக்கள் வெய்யிலிலும் பறவைகளின் வாயிலும் அழிகின்றன. கோரைக் கிழங்கும் ஓரளவு காய்கிறது. குருத்துப்பூச்சி மிகுந்திருந்த வயலில் பயறுக்காகத் தாளை நெடுநாள் நிறுத்துவது இடர்தான் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அத்தகைய வயலில் நெல்லை அடியொட்ட அறுத்தல் நலம். வரப்புகளைச் சிறுத்து எலி வளைகளை வெட்டுவதற்கும், தஞ்சாவூர்க் கிட்டிகளைச் செப்பனிடுவதற்கும் இதுவே காலம். ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் வண்டல் அடிப்பதும் இப்பருவத்து வேலையே. 2024-ஆம் ஆண்டு முதல் அதற்கான அனுமதியை வட்டாட்சியரிடமே பெறலாம் என்றாகியிருப்பது பெரிய வசதி.

அடுத்த திருப்பம் பசுந்தாள் எருவாகும். சித்திரை, வைகாசியில் ஒரு நல்ல மழை விழுந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாளில், பூப்பதற்கு முன் மடக்கி உழுதால், தண்டு முற்றாமல் விரைவில் மக்கும். மக்குவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் விட்டு நடவு செய்யலாம். தக்கைப்பூண்டு உவரையும் தேங்கும் ஜலத்தையும் பொறுக்கும். கடைமடை வயல்களுக்கு அதுவே ஏற்றது. கொழிஞ்சி வறட்சியைத் தாங்குமே தவிர ஜலத்தேக்கத்தைத் தாங்காது. அதன் விதைத்தோல் கடினமாகையால் மணலோடு தேய்த்து விதைத்தல் வழக்கம்.

ஜலம் பிந்தும் வருஷத்தில் இந்தக் கணக்கின் அருமை தெரியும். 2024-இல் நடந்ததுபோல் ஜூலைக் கடைசி வரை வாய்க்கால் காய்ந்திருந்தால், ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவருக்குக் குறுவை இல்லை. அணையிலிருந்து வருஷத்தை எண்ணியவருக்கு அது முழு நஷ்டம். அறுவடையிலிருந்து எண்ணியவரோ, பயறு கைக்கு வந்து, தக்கைப்பூண்டு வயலில் நிற்க, ஒரு சுற்றைக் குறுக்கி நேரே சம்பாவுக்குப் போகிறார். ஜலம் முந்தினால் பசுந்தாளை முப்பத்தைந்து நாளிலேயே மடக்கலாம். தழை குறையும், அவ்வளவே. ஆழ்குழாய் உடையோர் இந்த இடைவெளியில் மூன்றாவது நெல்லை நடுவது கைக்குப் பணந்தருவதுதான். ஆனால் பூமிக்குக் காய்வும் காற்றும் கிடையாமற்போவதையும், குருத்துப்பூச்சிக்கு வருஷம் முழுதும் உணவு கிடைப்பதையும், நிலத்தடி ஜலம் இறங்குவதையும் அக்கணக்கில் சேர்ப்பவர் சிலரே.

இன்னொரு தடையைப்பற்றி வெளிப்படையாய்ச் சொல்லியாகவேண்டும். வருஷக் குத்தகைக்கு நிலம் எடுத்தவர் தக்கைப்பூண்டு மடக்கினால் அதன் பலன் அடுத்த குத்தகைதாரருக்கோ நிலமுடையவருக்கோ போகக்கூடும். தமக்கு உரிமையில்லாத நாளைக்காக எவரும் விதை வாங்கார். இதில் குத்தகைதாரரைக் குறைகூறுதல் நியாயமன்று. பசுந்தாள் விதையின் விலையையும் ஓர் உழவின் கூலியையும் நிலமுடையோர் ஏற்றுக்கொண்டு, குத்தகையையும் மூன்று வருஷத்திற்குக் குறையாமல் விடுதலே பொருத்தம். அவ்வாறு விட மனமில்லாதவர், விளைச்சல் குறைந்ததென்று பின்னர் வருந்துதற்கு இடமில்லை.

கிராம நிர்வாக அலுவலர்கள் கையாளும் பசலி ஆண்டு ஜூலை முதல் தேதியில் தொடங்குகிறது. பசலி 1435 என்பது 2025-ஆம் ஆண்டு ஜூலையில் பிறந்தது. பசலி என்னும் சொல்லே அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாயினும், பல ஊர்களில் மாசி, பங்குனி மாதங்களின் அடங்கல் வயலைப் பாராமலே எழுதப்படுகிறது. பயறு நின்ற வயல் தரிசு என்று பதிவானால், மழையிலோ வறட்சியிலோ அப்பயிர் கெடும்போது நிவாரணத்திற்கும் காப்பீட்டிற்கும் குடியானவரிடம் சான்று இராது. அறுவடையான பின்னர் ஒரு முறையும், சித்திரையில் மறுமுறையும் வயல்களை நேரிற் பார்த்து, பயறையும் பசுந்தாளையும் அவ்வப்புல எண்ணுக்கெதிரே எழுதிவைத்தல் வேண்டும். நிலமுடையோரும் தம் புல எண்ணின் பதிவை மாசிக்குள் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளல் நலம்.