குபோத்தாவா, மாஸியா? முதலில் மெக்கானிக் எங்கே என்று கேளுங்கள்!

ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் நாலைந்து ஏக்கரில் செம்பனையோ அன்னாசியோ போடலாம் என்று நினைப்பவர்கள் ஜொகூரில் உண்டு. வானொலியில் பேசுபவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, நேயர்கள் என்னையும் கேட்பார்கள்: "தம்பி, குபோத்தா வாங்கவா, மாஸி வாங்கவா?"

இரண்டும் பழுத்த பெயர்கள்தான். குபோத்தா 1890இல் ஒசாகாவில் தொடங்கியது. மாஸி பெர்குசன், 1953இல் இரு நிறுவனங்கள் இணைந்து பிறந்தது. சென்னையின் டாஃபே தயாரிப்பால் தமிழ்நாட்டிலும் பழகிய பெயர். ஆனால் நம் சேமிப்பைக் காப்பது பெயர் மட்டுமல்ல.

முதலில் மண்ணைப் பாருங்கள். பொந்தியான், பத்து பகாட் பக்கம் 'தானா கம்புட்' எனும் கரிச்சதுப்பு மண் அதிகம். கனமான டிராக்டர் அதில் புதையும். எடை குறைந்த, அகல டயர் வண்டியே தோது. மேட்டு நிலமா? நான்கு சக்கர இயக்கமும், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும், இருக்கை வாரும் அவசியம்.

அடுத்து குதிரைத்திறன். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் என்ஜினின் திறன். ரோட்டரியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். அந்த எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் 'ரீகான்' வண்டி விலையில் மலிவு. ஆனால் சில மாடல்கள் ஜப்பான் சந்தைக்கென்றே செய்யப்பட்டவை. உதிரிபாகம் இங்கே கிடைக்குமா என்று தெரியாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

இனி விற்பனையாளர். அறுத்த செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்புவது நல்லது; தாமதமானால் எண்ணெயின் தரம் இறங்கும். அறுவடை நாளில் டிராக்டர் படுத்தால் நட்டம் நமக்குத்தான். எனவே இவற்றைக் கேளுங்கள்: மெக்கானிக் தோட்டத்துக்கே வருவாரா? வர எத்தனை நாள் ஆகும்? ஃபில்டர், பெல்ட், கிளட்ச் கடையில் இருப்பில் உள்ளனவா? முதல் சர்வீஸ் விலையில் அடங்குமா? உத்தரவாதம் எழுத்தில் உண்டா? உங்கள் நிலத்திலேயே ஓட்டிக் காட்டுவாரா? அவரிடம் முன்பு வாங்கிய இரண்டு பேரைத் தேடிப் பேசுங்கள். கடைக்காரர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

எண்ணெய்ச் செலவையும் கணக்கில் சேருங்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் தரும் 'புடி மடானி' உதவி அப்போது அறிமுகமானது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஐந்து ஏக்கருக்கு ஆண்டில் எத்தனை நாள் டிராக்டர் ஓடும் என்று விரல்விட்டு எண்ணுங்கள். பத்துப் பதினைந்து நாள்தான் என்றால், வட்டார விவசாயிகள் அமைப்பிடமோ பக்கத்துத் தோட்டக்காரரிடமோ வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். முப்பது ஆண்டு உழைப்பின் பணம் கொட்டகையில் துருப்பிடிக்க வேண்டாமே!