செஞ்சி: மலைநகரின் வாழ்வும் புதுச்சேரியுடனான உறவும்

முன்னுரை

புதுச்சேரிக்கு வடமேற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், திண்டிவனத்திற்கும் திருவண்ணாமலைக்கும் இடையே செஞ்சி அமைந்துள்ளது. இன்று விழுப்புரம் மாவட்டத்தின் சிறு நகரமாக உள்ள இவ்வூர், நாயக்கர் காலம் தொடங்கி முகலாயர் காலம் வரை ஒரு மண்டலத்தின் ஆட்சி மையமாக விளங்கியது. செஞ்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கோட்டையையே பேசுகின்றனர். அம்மதில்களுக்குள் ஒரு நகரம் வாழ்ந்தது என்பதும், அந்நகரின் நலிவு புதுச்சேரியின் வளர்ச்சியோடு பிணைந்தது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

மலையும் நகரமும்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் முக்கோண வடிவில் இணைக்கின்றன. ஆனந்தக் கோன் என்பவர் 1200ஆம் ஆண்டளவில் முதல் அரணை எழுப்பினார் என்பது மரபுச் செய்தி. இதனைக் கூறும் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அறுநூறு ஆண்டு இடைவெளி இருப்பதால், இதனை வாய்மொழி மரபாகக் கொள்வதே பொருந்தும்.

நாயக்கர் காலத்திற்கு வலுவான சான்று உண்டு. 1597இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைத் துறவி நிக்கோலாஸ் பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்த நகரத்தினும் இது பெரிது என மதிப்பிட்டார். அயலாரின் வியப்பில் மிகை இருக்கக்கூடும். எனினும் எஞ்சியுள்ள கட்டடங்கள் அம்மதிப்பீட்டை முற்றிலும் மறுக்கவில்லை. நெற்களஞ்சியங்கள், குதிரை இலாயங்கள், குளங்கள், அடுக்கடுக்காக உயரும் கல்யாண மகால் ஆகியவை பெருந்திரளான மக்களின் அன்றாடத் தேவைகளைக் காட்டுகின்றன. கோட்டைக்கு வெளியிலுள்ள நீர்நிலையிலிருந்து மண்குழாய்கள் வழியே கல்யாண மகாலின் மேல்தளத்திற்கு நீர் ஏற்றப்பட்டது. போர்க்காலப் பாதுகாப்பை மட்டும் கருதி இத்தகைய ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆட்சி மாற்றங்கள்

1649இல் பீஜப்பூர்ப் படை நாயக்கரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் அது சிவாஜி வசமாயிற்று. அவருடைய மகன் இராஜாராம் இங்கிருந்தே முகலாயரை எதிர்த்தார். 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. 2025இல் யுனெஸ்கோ அறிவித்த 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலவமைப்புகள்' என்னும் உலக மரபுத் தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி மட்டுமே. இவ்வேற்பு மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் மராத்தியர் ஆட்சி இருபது ஆண்டுகளை அடுத்தே நின்றது. களஞ்சியமும் குளமும் கோயிலும் கொண்ட நகரத்தை அத்தலைப்பு உள்ளடக்கவில்லை.

மக்கள் நினைவிலும் இதே போன்ற சாய்வு உண்டு. கதைப்பாடலால் புகழ்பெற்ற தேசிங்குராஜன் செஞ்சியை ஆண்டது ஏறத்தாழ பத்து மாதங்களே. 1714 அக்டோபரில் அவன் ஆர்க்காட்டு நவாப் சாததுல்லாகானுடன் பொருது மாண்டான். அதன்பின் ஆட்சியின் மையம் ஆர்க்காடாயிற்று. செஞ்சி காவற்படை தங்கும் அரணாகச் சுருங்கியது. காய்ச்சல் மிகுந்த இடம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. அரண் தந்த குன்றுகள் கடல் வணிகத்தைத் தர இயலவில்லை.

புதுச்சேரியும் செஞ்சியும்

சிவாஜி செஞ்சியைக் கொண்ட 1677இல், புதுச்சேரியில் காலூன்ற முயன்ற பிரான்சுவா மார்த்தேன் அவரிடம் தூதனுப்பிப் பாதுகாப்பு வேண்டினார். எழுபத்து மூன்று ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. செஞ்சி புதுச்சேரியின் புறக்காவல் ஆயிற்று. அக்காலப் புதுச்சேரியை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் 1736 முதல் 1761 வரையிலான நாட்குறிப்பு உதவுகிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ, ஏப்ரலில் செஞ்சியும் பணிந்தது.

கோட்டையின் வடக்கு வாயில் ஆர்க்காட்டின் பெயராலும் கிழக்கு வாயில் புதுச்சேரியின் பெயராலும் வழங்குகின்றன. செஞ்சியின் இடத்தைப் பிடித்த இரு நகரங்களும் அதன் வாயில்களிலேயே பெயர் பொறித்துள்ளன எனலாம். புதுச்சேரி வாயிலுக்கு அருகில் வேங்கடரமணர் கோயில் உள்ளது. இதனை முத்தியாலு நாயக்கர் கட்டினார் என்பர். 'முத்தியாலு' என்பது முத்துகளைக் குறிக்கும் தெலுங்குச் சொல். புதுச்சேரியின் முத்தியால்பேட்டை என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல் ஒலிக்கிறது. ஆனால் ஒலியொற்றுமையை மட்டும் கொண்டு ஊரையும் நாயக்கரையும் இணைத்தல் முறையன்று. சென்னையிலும் ஒரு முத்தியால்பேட்டை உண்டு.

தூண்களின் செய்தி வேறு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கற்றூண்கள், பிரெஞ்சியரால் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவற்றின் கல்வகை, அளவு, சிற்ப அமைப்பு ஆகியவற்றை வேங்கடரமணர் கோயிலில் எஞ்சியுள்ள தூண்களோடு ஒப்பிட்டால், அவ்வழக்கு எவ்வளவு உண்மை என்பதைக் கல்லைக் கொண்டே தெளியலாம்.